பாட்டியின் ப்ளூ ஜாகரும் ஒரு நிச்சயதார்த்த மோதிரமும்

அக்கா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணும் பையனும் மோதிரம் மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. அவளுக்கு வைர மோதிரம்தான் என்பதும் முடிவாயிற்று. "மாமா, நீங்கதான் எப்பப் பார்த்தாலும் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பீங்களே. வைரம் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு சொல்லுங்க. ரெண்டு மாச சம்பளத்துல வாங்கணுமாமே, அப்படியா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதில் என் பாட்டியின் ஏழுகல் தோடு இருந்தது. "எதுக்கு சம்பளத்தைக் கொட்டணும்? இதைக் கொடுத்துட்டு ஒரு பெரிய கல்லா எடுத்துக்கோ. அசல் ப்ளூ ஜாகர்" என்றார். ஐம்பது வருஷமாக அந்த இரண்டு வார்த்தைகளை அவர் ஒரே மாதிரி பெருமையோடுதான் சொல்லிவருகிறார்.

கடைக்குப் போனோம். விற்பனையாளர் தோட்டை ஒரு தட்டில் வைத்து, பேனா அளவுக்கு இருந்த டார்ச்சை அதன் மேல் அடித்தார். பதினாலு கல்லும் பளீரென்று நீலமாக எரிந்தன. எங்களுக்கு ஆச்சரியம். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "ஸ்ட்ராங் ப்ளோரசன்ஸ் சார். இப்ப இதுக்கு டிமாண்ட் கிடையாது. டிஸ்கவுன்ட்லதான் எடுப்போம்" என்றார். சொன்ன விலையைக் கேட்டதும் அம்மா தோட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

கடைக்காரர் ஏமாற்றினாரா, இல்லை பாட்டியைத்தான் அந்தக் காலத்தில் யாரோ ஏமாற்றிவிட்டார்களா? இந்தக் கேள்வியோடுதான் தேட ஆரம்பித்தேன். தேடிப் பார்த்ததில் இரண்டுமே இல்லை என்று தெரிந்தது.

ஜாகர் யார்?

ஜாகர் ஒரு ஆள் இல்லை. ஊர். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்ற இடத்தில் 1870இல் வைரம் கிடைத்தது. 1893இல் அங்கே எடுத்த எக்செல்சியர் என்ற கல் ஏறக்குறைய 995 காரட். அதுவரை உலகம் கண்ட வைரங்களில் அதுதான் பெரியது. அந்தச் சுரங்கத்துக் கற்களில் பல வெள்ளை வெளேரென்று இருக்கும், வெயிலில் லேசாக நீலம் ஓடும். அதனால் வியாபாரிகள் அந்த ரகத்துக்கே 'ஜாகர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் வைரத்தின் நிறத்தை இப்படி ஊர் பெயரில்தான் சொன்னார்கள். வெஸல்டன் என்றால் நல்ல வெள்ளை, அதுவும் ஒரு சுரங்கம். கேப் என்றால் மஞ்சள் தட்டியது, கேப் மாகாணத்திலிருந்து வந்ததால் அந்தப் பெயர். நாளடைவில் கல் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தாலும் பார்வைக்கு அப்படி இருந்தால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனவே பாட்டியின் தோடு ஜாகர்ஸ்ஃபோன்டைனிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றில்லை. அந்தச் சுரங்கம் மூடியே பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் நம்மூர் நகைப்பெட்டிகளில் உயிரோடு இருக்கிறது.

அந்த நீலத்துக்குக் காரணம் நைட்ரஜன். வைரம் கார்பன்தான், ஆனால் பூமிக்குள் அது உருவாகும்போது சில இடங்களில் நைட்ரஜன் அணுக்கள் புகுந்துவிடும். அவை ஒருவிதமாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், புற ஊதாக் கதிர் பட்டதும் நீல ஒளியை வெளிவிடும். வெயிலில் புற ஊதா உண்டு என்பதால், வீட்டுக்குள் வெள்ளையாக இருந்த கல் வாசலுக்கு வந்ததும் நீலம் காட்டும். வைரங்களில் நூற்றுக்கு 25 முதல் 35 வரை இந்தக் குணம் ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. கல்லில் கொஞ்சம் மஞ்சள் இருந்தால், இந்த நீலம் அதை அமுக்கி வெள்ளையாகவும் காட்டும். நீலம் மிக அதிகமான சில கற்கள் மட்டும் எண்ணெய் தடவினதுபோல மங்கலாகத் தெரியும்.

அமெரிக்கக் கடைகளிலும் 'ப்ளூ ஒயிட்' என்று சொல்லி இவற்றைக் கூடுதல் விலைக்குத்தான் விற்றார்கள். மஞ்சள் கல்லைக்கூட அந்தப் பெயரில் தள்ளிவிட ஆரம்பித்ததும், அந்தச் சொல்லை யார் எப்போது பயன்படுத்தலாம் என்று அரசு வணிக ஆணையம் விதி போட வேண்டியதாயிற்று. பெயர் கெட்டது, பிறகு குணத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ஆய்வகங்கள் அறிக்கையில் ப்ளோரசன்ஸ் என்று ஒரு வரி அச்சிட்டன. வாங்குகிறவர் அந்த வரியைக் குறையாகப் படித்தார், விலை இறங்கியது. அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம், அதாவது எல்லாரும் ஜிஐஏ என்று சொல்வது, 1997இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. நீல ஒளிர்வு பெரும்பாலான கற்களின் தோற்றத்தைக் கெடுக்கவில்லை, சிலவற்றை மேலும் நன்றாகவே காட்டுகிறது என்பது அதன் முடிவு. சந்தை அதைப் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆக, கல் மாறவில்லை. அதைப் பற்றிய பேச்சுதான் மாறியிருக்கிறது.

விளக்கு மாடமும் மரத்தடியும்

இந்தப் பேச்சு எவ்வளவு பழையது என்று பார்க்கப் போனால், சிலப்பதிகாரத்தில் போய் நிற்கிறோம். ஊர்காண் காதையில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும்போது ரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே வைரத்துக்கு நான்கு குற்றங்கள் சொல்லப்படுகின்றன: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால் போன்ற விரிசல், கறை, புள்ளி, கோடு. இன்றைய ஆய்வக அறிக்கையில் 'ஃபெதர்' என்று எழுதியிருந்தால் அது இறகு போன்ற விரிசல். 'பின்பாயின்ட்' என்றால் புள்ளி. அங்கே காக்கையின் கால், இங்கே இறகு. பறவை விடவே இல்லை.

1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை, உலகத்துக்கு வைரம் என்றால் இந்தியாதான், கொஞ்சம் போர்னியோ. எனவே வைரம் பார்க்கக் கற்றவர்களும் இங்கேதான் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆறு முறை கிழக்கே பயணம் வந்த பிரெஞ்சு வியாபாரி ழான் பத்தீஸ்த் டவர்னியர், கோல்கொண்டா ராஜ்யத்துச் சுரங்கங்களுக்கு நேரில் போய், பார்த்ததை 1676இல் புத்தகமாக வெளியிட்டார். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த கொல்லூர் சுரங்கமும் அதில் ஒன்று.

ஐரோப்பாவில் வைரத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள், இங்கே ராத்திரியில் பார்க்கிறார்கள் என்று அவர் எழுதுகிறார். சுவரில் ஓரடிச் சதுரத்தில் ஒரு மாடம், அதில் தடித்த திரி போட்ட விளக்கு. அந்த ஒளியில் கல்லை விரலிடுக்கில் பிடித்துப் பார்ப்பார்களாம். பட்டை தீட்டுவதில் இருந்த தந்திரத்தையும் சொல்கிறார். கல் சுத்தமாக இருந்தால் சும்மா சாணையில் தொட்டுவிட்டு விடுவார்கள், உள்ளே குற்றம் இருந்தால் நிறையப் பட்டைகள் போட்டு மறைப்பார்கள். பட்டை அதிகம் என்றால் மதிப்பு அதிகம் என்று நினைத்தவர் ஏமாந்திருப்பார்.

நமக்கு வேண்டியது அடுத்ததுதான். வைரத்தின் நீரோட்டத்தில் எல்லாவற்றிலும் மட்டமானது வானத்து நிறம் ஓடுவது என்று அவர் எழுதியிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் தருகிறார். இலை அடர்ந்த மரத்தடிக்குக் கல்லைக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பச்சை நிழலில் நீலம் இருந்தால் தெரிந்துவிடும்.

அதே டவர்னியர்தான் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 112 காரட் எடையுள்ள ஆழ்ந்த நீல வைரம் ஒன்றைக் கொண்டுபோய்ப் பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றார். இன்று வாஷிங்டனில் ஹோப் வைரம் என்று பார்க்கிறோமே, அது இந்தக் கல்லிலிருந்து வெட்டியதுதான். (அந்த நீலம் போரானால் வருவது, பாட்டி தோட்டின் நீலம் வேறு.) நீலம் லேசாக ஓடினால் மட்டம், முழுக்க நீலமென்றால் மன்னருக்கு. முந்நூறு வருஷம் கழித்து நம்மூரில் லேசாக ஓடினால்தான் உசத்தி. இப்போது மறுபடி மட்டம்.

டவர்னியர் விலைக்கும் ஒரு கணக்கு தந்தார். எடை இரண்டு மடங்கானால் விலை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இன்று யாரும் அப்படியே போடுவதில்லை என்றாலும், கல் பெரிதாக ஆக ஒரு காரட்டின் விலையே ஏறும் என்ற அடிப்படை மாறவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கு இடித்ததும் இங்கேதான். பதினாலு கல், ஒவ்வொன்றும் சுமார் 10 சென்ட் என்று வையுங்கள். மொத்தம் 1.4 காரட். "1.4 காரட்டைக் கொடுத்து ஒரு காரட் கல் வாங்க முடியாதா?" என்றுதான் அம்மா நினைத்திருந்தார். டவர்னியர் கணக்குப்படி 10 சென்ட் கல்லின் விலை 1 என்றால், பதினாலு கல்லுக்கு 14. ஆனால் 1.4 காரட்டில் ஒரே கல் என்றால் 14ஐ 14ஆல் பெருக்க வேண்டும், 196. எடை ஒன்று, விலையில் பதினாலு மடங்கு வித்தியாசம்.

அளவுகோல் வந்த கதை

ஒரு விஷயத்தில் பாட்டியைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள். அவர் வாங்கிய காலத்தில் கல்லைப் பற்றிய சொல்லெல்லாம் விற்கிறவர் வாயிலிருந்துதான் வந்தது. ஜாகர் என்று அவர் சொன்னால் ஜாகர். வாங்குகிறவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு நம்பிக்கையான வைர வியாபாரி. அதோடு, கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, "நமக்குச் சேருதா" என்று பார்க்கும் வழக்கம். கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சிரிக்க வேண்டாம். கடையின் விளக்கைத் தாண்டி, வீட்டு வெளிச்சத்திலும் வெயிலிலும் கல்லைப் பார்க்க அது நல்ல சாக்கு.

எடைக்கே பொது அளவு பின்னால்தான் வந்தது. காரட் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். 1907இல்தான் ஒரு காரட் என்றால் 200 மில்லிகிராம் என்று சர்வதேச மாநாட்டில் முடிவு செய்தார்கள். அதில் நூறில் ஒன்று சென்ட். (தங்கத்தின் 22 காரட், 18 காரட் என்பது தூய்மை, எடை இல்லை. இரண்டும் தமிழில் ஒரே சொல்லாகிவிட்டதால் குழப்பம்.)

1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற இளைஞர், வட்ட வைரத்துக்குள் போன ஒளி அடிப்பக்கமாக ஒழுகிவிடாமல் மேலேயே திரும்பிவர எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் புத்தகம் எழுதினார். அடிப்பக்கம் 40.75 பாகை, மேல்பக்கம் 34.5 பாகை. இன்று கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்றாலும், வைரத்தின் மினுமினுப்பு கணக்குக்கு உட்பட்டது என்று புரியவைத்தது அவர்தான்.

ராபர்ட் ஷிப்லி என்ற நகைக்கடைக்காரர் 1931இல் ஜிஐஏவைத் தொடங்கினார். தனக்கே கல்லைப் பற்றிச் சரியாகத் தெரியவில்லை என்று உணர்ந்து படிக்கப் போனவர் அவர். எடை, நிறம், தெளிவு, வெட்டு என்ற நான்கையும் ஆங்கிலத்தில் 'சி' எழுத்தில் தொடங்குவதால் 'ஃபோர் சி' என்று சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். 1953இல் அவருக்குப் பின் வந்த ரிச்சர்ட் லிட்டிகோட் நிறத்துக்கு டி முதல் இசட் வரை எழுத்துகள் வைத்தார். ஏன் ஏ, பி, சி இல்லை? கடைக்காரர்கள் ஏற்கெனவே ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று இஷ்டத்துக்கு அள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாடையே வேண்டாம் என்றுதான் டியில் ஆரம்பித்தார்கள். 1955 முதல் அறிக்கைகள் வந்தன.

இந்த எழுத்துகள் செய்த பெரிய காரியம், கல்லைப் பற்றிய சொல்லை விற்கிறவரின் வாயிலிருந்து எடுத்து மூன்றாவது ஆளின் காகிதத்தில் வைத்ததுதான். ஆனால் காகிதத்திலும் சில ஓட்டைகள் உண்டு. அறிக்கையில் விலை இருக்காது. எல்லா ஆய்வகமும் ஒரே கண்டிப்போடு தரம் போடுவதில்லை, எனவே ஒரு ஆய்வகத்தின் ஜி இன்னொன்றின் ஜி ஆகாது. வெட்டுக்கு ஜிஐஏ தரம் கொடுக்க ஆரம்பித்ததே 2006இல், அதுவும் வட்டக் கற்களுக்கு மட்டும்.

ரெண்டு மாச சம்பளம்

இனி மருமகளின் கேள்வி. நம்மூர் நிச்சயம் என்றால் தாம்பூலம் மாற்றுவதுதான், மோதிரம் அப்புறம் வந்து சேர்ந்தது. மேற்கே மோதிரம் பழையது, சரி. ஆனால் 'கல்யாணம் என்றால் வைர மோதிரம்' என்று சாதாரணக் குடும்பங்களும் நினைத்தது பெரும்பாலும் விளம்பரத்தால்.

தென்னாப்பிரிக்காவில் வைரம் குவிய ஆரம்பித்ததும், விலை விழாமல் இருக்க 1888இல் சுரங்கங்களை ஒன்றாக்கி டி பியர்ஸ் நிறுவனம் உருவானது. 1930களின் பொருளாதார மந்தத்தில் விற்பனை படுத்துவிட, 1938இல் ஹாரி ஓப்பன்ஹைமர் நியூயார்க்கில் என். டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தைப் பிடித்தார். அங்கே வேலை பார்த்த ஃபிரான்சிஸ் கெரட்டி என்ற பெண் 1947இல் எழுதியதுதான் 'வைரம் என்றென்றைக்கும்' என்ற வாசகம். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வாசகத்துக்கு வேறொரு பயனும் இருந்தது. என்றென்றைக்குமான பொருளை யாரும் திருப்பி விற்கமாட்டார்கள், பழைய கற்கள் சந்தைக்கு வந்து விலையை இறக்காது.

இரண்டு மாத சம்பளம் என்பது 1980களின் விளம்பரம். ஜப்பானில் மூன்று மாதம் என்றார்கள். அங்கே 1967இல் வைர மோதிரம் பெற்ற மணப்பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை, 1981இல் 60 பேர். பதினாலே வருஷத்தில் ஒரு சம்பிரதாயம் தயார்.

இதையெல்லாம் சொன்னதும் அவள், "அப்ப வாங்கவே வேண்டாங்கறீங்களா மாமா?" என்றாள். அப்படி இல்லை. பிடித்திருந்தால் வாங்கலாம், பட்டுப்புடவை வாங்குவதில்லையா? சேமிப்பு என்று நினைத்து வாங்காதே, யாரோ சொன்ன அளவுக்குக் கடன் வாங்காதே, அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் வளர்ந்த கல்

"லேப்ல வளர்த்தது வாங்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹால் வைரத்தைச் செயற்கையாக உருவாக்கினார். நகைக்குப் போடும் தரத்தில் அங்கே 1970இல் வந்தது. அது கண்ணாடியோ அமெரிக்கன் டைமண்டோ இல்லை, அசல் கார்பன், அசல் வைரம். கடையில் வைத்துக் காட்டும் சாதாரண டெஸ்டர் இரண்டையும் வைரம் என்றே சொல்லும். பிரித்துச் சொல்ல ஆய்வகக் கருவி வேண்டும். 2023-24 மத்திய பட்ஜெட்டில் இந்த வைரங்களுக்கான ஆராய்ச்சிக்கு ஐந்தாண்டு நிதி அறிவித்தார்கள், அது சென்னை ஐஐடிக்குத்தான் வந்தது.

விலைதான் விஷயம். 2018இல் டி பியர்ஸே லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஒரு காரட் 800 டாலர் என்று விற்க ஆரம்பித்தது. சந்தையில் விலை அதற்கும் கீழே விழுந்துகொண்டே போக, 2025இல் கடையை மூடுவதாக அறிவித்தது. பெரிய கல் அழகாக வேண்டும், மறுவிற்பனை பற்றிக் கவலை இல்லை என்பவர்களுக்கு இது நல்ல வழி. பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியில் வாங்கியது

இரண்டு பேரும் சேர்ந்து, கையில் இருந்த பணத்துக்கு, பூமியிலிருந்து எடுத்த 30 சென்ட் வட்டக் கல் ஒன்றை எடுத்தார்கள். வெட்டு மட்டும் எக்ஸலன்ட்டுக்குக் கீழே வேண்டாம் என்று நின்றோம், கல் மினுங்குவது அதனால்தான். நிறத்தில் டி, ஈ கேட்கவில்லை. தங்கத்தில் பதித்தால் எச்சுக்கும் டிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தெளிவில் விஎஸ்2. குற்றம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில்தான் தெரியும், யாரும் லென்ஸோடு நிச்சயத்துக்கு வரப்போவதில்லை. அறிக்கை எண்ணும் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று லென்ஸில் பார்த்தோம். ஆய்வகத்தின் இணையதளத்திலும் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தோம். தங்கத்தில் ஹால்மார்க் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்தோம், ஹால்மார்க் தங்கத்துக்குத்தான், கல்லுக்கு இல்லை. திருப்பிக் கொடுத்தால் என்ன தருவீர்கள் என்பதை பில்லில் எழுதி வாங்கினோம். கல்லை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்க்கவும் கேட்டோம். ஒரு ஆளைக் கூட அனுப்பினார்கள்.

அறிக்கையில் ப்ளோரசன்ஸ்: மீடியம் ப்ளூ என்று போட்டிருந்தது. அதனால் விலை கொஞ்சம் குறைவு. வெயிலில் மங்கல் எதுவும் இல்லை, அதனால் அதையே எடுத்தோம்.

அம்மாவிடம் தோட்டை விற்க வேண்டாம் என்று சொன்னேன். இன்றைய சந்தை அதைக் குறை என்கிறது, நாம் விற்கவில்லை என்றால் அந்தக் குறை நம் தலையில் விழாது. "அப்ப பாட்டி ஏமாறலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வாங்கிய காலத்தில் அதற்கு அந்த விலைதான்.

நிச்சயதார்த்தத்தன்று அம்மா அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். மதிய வெயிலில் மண்டப வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரை வரவேற்றுக்கொண்டிருந்தார். பதினாலு கல்லிலும் நீலம் ஓடியது. மாப்பிள்ளையின் பாட்டி பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்து, "ப்ளூ ஜாகரா?" என்று கேட்டார்.